எண்பது கட்டை ஓடும் கார்

றொசல்ல ரயில் நிலையத்திலிருந்து பாதைக்கு ஏறினால் இடது கைப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னக் கடை ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. சட்டை முழுக்க அமிலம் தெறித்துப் பொத்தல் விழுந்த ஒரு மனிதர் வாசலில் நிற்பார். அதைப் பார்த்தாலே போதும், பெட்டரிக்குச் சார்ஜ் போடுகிற கடை என்று யாருக்கும் விளங்கிவிடும். அவர் பெயர் யோகேஸ்வரன். ஆனால் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆளாளுக்கு முழிப்பார்கள். 'முக்காப்படம்' என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

பட்டப்பெயர் என்றால் காரணம் வேண்டுமே. தொண்ணூறுகளில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா அறையாகத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. மின்சாரம் வரவில்லை என்பதற்காக டீவி பார்க்காமல் இருக்க முடியுமா? எப்படியோ ஒரு கறுப்பு வெள்ளை டீவியை வாங்கி, அதற்கு லொறி பெட்டரி ஒன்றை மாட்டி, பத்துக் காம்பராச் சனமும் ஒரே காம்பராவில் நெருக்கியடித்துப் படம் பார்த்தார்கள். பெட்டரி தீர்ந்ததும் அதை உரச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு யோகேஸ்வரனிடம் வருவார்கள். மறுநாள் திரும்ப எடுக்க வரும்போது எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

"அண்ணே, படம் முழுசா ஓடுங்களா?"

யோகேஸ்வரன் மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொல்வார்: "முக்காப் படம் ஓடும்."

எப்போதும் அதுதான் பதில். புதுப் பெட்டரி என்றாலும் முக்கால், பழசு என்றாலும் முக்கால். சனங்கள் பயந்துபோய்ப் பாட்டு வந்தால் அணைத்து, சண்டை வந்தால் போட்டு, சிக்கனமாகப் பார்ப்பார்கள். படம் முடிந்து பார்த்தால் பெட்டரியில் இன்னும் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு விட்ட பாட்டுக்காகப் புலம்பிக்கொண்டு படுக்கப் போவார்கள்.

"முழுசா ஓடும்னு சொல்லி முக்கால்ல நின்னுச்சுன்னா என்னைய ஏசுவாங்க. முக்கான்னு சொல்லி முழுசா ஓடினா சந்தோசப்படுவாங்க. சந்தோசப்படட்டுமே" என்று அவர் மனைவி ஜீவராணியிடம் ஒரு தடவை சொன்னார். பெட்டரியைச் செய்கிறவன் மேலே என்ன இலக்கம் அச்சடித்தாலும் மலைநாட்டுக் குளிரில் அதில் முக்கால்தான் கையில் வரும் என்பது அவர் பதினைந்து வருடமாகக் கண்ட கணக்கு. யாருக்கும் அதற்கு மேல் அவர் வாக்குக் கொடுத்ததில்லை. ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் கொடுத்தார், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஜீவராணி கொழுந்து பறிக்கிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பாள். அட்டைக்கு அஞ்சமாட்டாள், மழைக்கு அஞ்சமாட்டாள், கொழுந்துக் கூடையில் பச்சைப் பாம்பு சுருண்டு கிடந்தபோது வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தவள். அப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி, பஸ். டீசல் வாடை மூக்கில் ஏறி, இரண்டு வளைவு திரும்பினால் போதும், வயிறு புரண்டுவிடும். ரயில் பரவாயில்லை, ஜன்னலைத் திறந்துகொண்டு காற்றைக் குடித்தபடி போய்விடுவாள். ஆனால் அவள் போக வேண்டிய ஊருக்கு ரயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலைக்கு ஒரு குட்டி ரயில் ஓடியதாம். பிறகு தண்டவாளத்தையே கழற்றிவிட்டார்கள். ஜீவராணிக்காகக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கலாம் என்று யோகேஸ்வரன் அடிக்கடி நினைப்பார்.

ராகலையில் இருப்பது அவளுடைய அக்கா நாகலெட்சுமி. அம்மா செத்தபோது ஜீவராணிக்கு நாலு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு வயதிலேயே அக்கா இடுப்பில் தங்கையைத் தூக்கிக்கொண்டு அடுப்பு மூட்டினாள். ஜீவராணிக்கு அம்மா முகம் நினைவில்லை. அம்மா என்று நினைத்தால் அக்கா முகம்தான் வரும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தீபாவளிக்கு இருவரும் ராகலைக்குப் புறப்பட்டார்கள். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸில் ஏறினார்கள். பாதையோரத்து நாலாவது தூரக்கட்டை வருவதற்குள் ஜீவராணி அடக்கமாட்டாமல் வாந்தி எடுத்துவிட்டாள். முன் சீட்டில் இருந்த ஒரு சிங்கள அம்மாவின் புதுச் சேலை முழுக்க நாசம். கண்டக்டர் கத்தினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா மட்டும் ஒரு வார்த்தை ஏசவில்லை, முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். ஏசியிருந்தால் ஜீவராணிக்கு ஆறியிருக்கும். கண்டக்டர் இருவரையும் நடுப்பாதையில் இறக்கிவிட, அக்காவுக்கென்று சுட்ட முறுக்குப் பொட்டலத்தோடு நடந்து நானுஓயாவுக்கே திரும்பி வந்தார்கள். "செத்தாலும் இனி பஸ்ல ஏற மாட்டேன்" என்றாள் ஜீவராணி. யோகேஸ்வரன் சரி என்று தலையாட்டினார். அவள் அழுகிற முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அக்காதான் வந்துபோனாள். வருடம் ஒருமுறை, பொங்கல் முடிந்த கையோடு, ராகலைக் கேரட்டும் லீக்ஸும் ஒரு பையில் நிறைத்துக்கொண்டு வருவாள். இரண்டு நாள் இருந்து தங்கைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போவாள். நாற்பது தாண்டிய தங்கை, அந்த இரண்டு நாளும் குழந்தை மாதிரி அக்கா காலடியில் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு பொங்கலுக்கு அக்கா வரவில்லை. தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, கம்பூன்றிக் காம்பரா வாசல் வரைக்கும் வரப் பழகியிருக்கிறாளாம், இனி பயணம் எல்லாம் முடியாதாம். போனில் அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நீயும் பஸ் ஏற மாட்ட, என்னாலயும் ஏற முடியாது. இனிமே போன்லதான்டி நம்ம மூஞ்சியப் பாத்துக்கணும்." ஜீவராணி போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். வெகுநேரம் எதையும் சமைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அந்தச் செய்தி யோகேஸ்வரன் கண்ணில் பட்டது. இதற்குள் லயங்களுக்கு மின்சாரம் வந்து, டீவி பெட்டரிகளின் காலம் போய்விட்டிருந்தது. ஆட்டோவும் லொறியும்தான் இப்போது அவருக்குச் சோறு போட்டன. வேலை குறைந்ததால் பத்திரிகையை விளம்பரம் விடாமல் வாசிக்க நேரம் இருந்தது. உள் பக்கத்தில், கோழி முட்டை மாதிரி உருண்ட ஒரு குட்டிக் காரின் படம். இந்தியாவில் வரப்போகிறதாம். பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, பெட்டரியில் ஓடுகிற மலிவுக் கார். வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக்கில் எட்டு மணித்தியாலம் போட்டால் போதும். வேகம் அறுபது வரை எதிர்பார்க்கலாம். ஒரு சார்ஜில் எண்பது ஓடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. புகை கிடையாது, வாடை கிடையாது.

யோகேஸ்வரன் கடைசி வரியை மட்டும் மூன்று தரம் வாசித்தார். வாடை கிடையாது. கடையை அடைத்துவிட்டு, பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேட்டில் மூச்சிரைக்க ஏறி வீட்டுக்குப் போனார். வளைவுகளை அந்தக் கார் என்ன செய்யும் என்று பத்திரிகைக்காரன் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஜீவி, ஒனக்கு ஏத்த வண்டி ஒண்ணு வருது."

ஜீவராணி படத்தைப் பார்த்தாள். "இதுக்குள்ள ஆள் ஏறலாங்களா?"

"நாலு பேரு ஏறலாம். எண்பது கட்டை ஓடுதாம் புள்ள! ராகலைக்கி எத்தன கட்டை? நாப்பத்தேழு. வாசல்ல ஏறுனா அக்கா வாசல்ல எறங்கலாம்."

இந்த நாற்பத்தேழு அவர் சும்மா சொன்னதல்ல. வயசுக் காலத்தில் மரக்கறி லொறியில் கிளீனராக இருந்தபோது பாதையோரத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிய கணக்கு அது. மலைநாட்டில் தூரம் என்றால் கட்டைதான். பஸ்ஸில் இறங்குகிற இடமும் எட்டாங்கட்டை, பதினாலாங்கட்டை.

"வாங்க முடியுங்களா நம்மளால?"

"நம்ம எதுக்கு வாங்கணும்? ஹட்டன்ல ஹயருக்கு வண்டி ஓட்டுற ஆண்டியப்பன் வந்த ஒடனே வாங்குறேன்னு சொல்லிட்டான். பெட்டரி வண்டிக்குப் பெட்டரிக்காரன் வேணுமில்ல? நான் சார்ஜ் போட்டுக் குடுக்கிறேன், ஒரு நாளைக்கி வண்டியக் குடுன்னு பேசிட்டேன்."

ஜீவராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருசனைத் தெரியாதா? "முக்காக் கணக்கு போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? எண்பதுல முக்கா அறுபது. அறுபதுல நாப்பத்தேழு போக இன்னும் பதிமூணு மிச்சம். இதுல முக்கா இல்ல ஜீவி, முழுசா. ஒன்னைய அக்காகிட்ட கொண்டு போயி விடுறேன். இது என் வாக்கு."

முழுசா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஜீவராணி முதல் தடவையாகக் கேட்டாள். அன்றே அக்காவுக்குப் போன் போட்டு, "வாறேங்க்கா, காருல வாறேன்" என்று சொல்லிவிட்டாள். அக்காவும் அக்கம்பக்கத்துக் காம்பராவெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள். பத்திரிகைப் படத்தை ஜீவராணி சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டினாள். ஐந்தாறு மாதம் அந்தக் கார் விபூதி வாசத்திலேயே நின்றது.

கார் வந்தபாடில்லை. ஆண்டியப்பனைக் கேட்டால் "அடுத்த மாசம்ணே" என்பான். ஒருநாள் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஜெயரத்தினம் மாஸ்டர் தன் மோட்டார் சைக்கிள் பெட்டரியைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், யோகேஸ்வரனின் வயதுதான், இருவருக்கும் நல்ல பழக்கம். அவரிடம் காரைப் பற்றி யோகேஸ்வரன் உற்சாகமாக விளக்கினார். எண்பது கட்டை, முக்கால் போட்டால் அறுபது, ராகலைக்கு நாற்பத்தேழு.

ஜெயரத்தினம் மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தவர் இடையில் நிறுத்தினார். "நில்லுங்கோ. எண்பது என்னது?"

"கட்டைங்க."

"இல்லை யோகேஸ்வரன், பேப்பரில கிலோமீற்றர் எண்டுதான் போட்டிருப்பாங்கள். உங்கட நாப்பத்தேழு பழைய மைல்கட்டைக் கணக்கெல்லோ? இப்ப நடுற கட்டை கிலோமீற்றர். ரெண்டையும் கட்டை எண்டு சொல்லிச் சொல்லி நீங்கள் குழம்பிப்போனீங்கள்."

யோகேஸ்வரன் கையில் இருந்த குழாயை மேசையில் வைத்தார். மாஸ்டர் ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். எண்பது கிலோமீற்றர் என்றால் பழைய கணக்கில் ஐம்பது கட்டை. ஐம்பதில் முக்கால் முப்பத்தேழரை. மேடு ஏறுகிற மலைப்பாதை என்பதால் அதுவும் சந்தேகம்.

"ராகலைக்கு ஒம்பதரைக் கட்டை காணாது" என்றார் மாஸ்டர் மெதுவாக. "நுவரெலியாவைத் தாண்டி ஹாவா எலியவில நிண்டுபோகும். குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்க என்ன இருக்கிறது? மாஸ்டர் போன பிறகு யோகேஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முன்பின் தெரியாத மனிதருக்கெல்லாம் முக்கால் சொல்லிக் காப்பாற்றிய வாயால், கட்டிய மனைவிக்கு முழுசு சொல்லி மோசம் பண்ணிவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. கார் இன்னும் வரவேயில்லை, வருமோ என்னவோ. ஆனால் இப்போது, வந்தாலும் போதாது.

அன்றைக்கு ஜீவராணி கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். கட்டையை மாற்றிப் பிடித்ததையும், எண்பது ஐம்பதானதையும், ஹாவா எலியவையும். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் சாமிப் படத்துக்குக் கீழே இருந்த காரைப் பார்த்தபடியே சொன்னார்.

ஜீவராணி கோபப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் குந்தினாள்.

"ஹாவா எலியவுல நின்னா அப்பறம் என்னாங்க செய்வாங்க? வண்டிய அங்கயே போட்டுட்டு வந்துருவாங்களா?"

"எதுக்குப் போடணும்? ஏதாச்சும் ஒரு கடையில பிளக் கேட்டு சார்ஜ் போடணும். செத்த நேரம் நிப்பாட்டி வச்சா மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். மறுபடி நின்னா மறுபடி போடுறது."

"அப்ப நின்னு நின்னு போகலாம்."

"போகலாம். நேரந்தான் ஆகும்."

ஜீவராணி சாமிப் படத்துக்குக் கீழே இருந்த காரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "காரு நின்னு நின்னு போகலாம்னா, நான் போகக் கூடாதுங்களா?"

யோகேஸ்வரனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னைக்கி நாலாங்கட்டையிலதான எடுத்தேன். மூணாங்கட்டை வரைக்கும் நல்லாத்தான இருந்தேன். அங்கனயே எறங்கி காத்தாட நின்னுருந்தா சரியாப் போயிருக்கும். நம்மதான் ஏறுனா ராகலையிலதான் எறங்கணும்னு ஏறிட்டோம். யாருங்க அப்புடிச் சொன்னது?"

கோப்பையை வைத்துவிட்டு யோகேஸ்வரன் அவளையே பார்த்தார். ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் கடைக்கு வந்த ஒவ்வொரு பெட்டரியையும் மூடி திறந்து, உனக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்திருக்கிறார். சொந்த மனைவியை ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்று மூடி வைத்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அவள் மேல் அத்தனை ஆசையாகவும் இருந்தது.

"மூணு கட்டை தாங்குமா ஜீவி?"

"தாங்கும்."

"அப்ப முக்காக் கணக்கு. ரெண்டேகால்."

ஜீவராணி சிரித்துவிட்டாள். நானுஓயா வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து ராகலை பழைய மைல் கணக்கில் பதினெட்டுக் கட்டை. இரண்டேகாலால் வகுத்தால் எட்டு பஸ்.

அடுத்த பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலில் ஏறினார்கள். ஒரு பையில் முறுக்கு, குமட்டலுக்கு மோந்துகொள்ளத் தேசிக்காய், உப்பு, இரண்டு பொலித்தீன் பை. நானுஓயாவில் முதல் பஸ். யோகேஸ்வரன் ஜன்னலுக்கு வெளியே கட்டைகளை எண்ணினார். இம்முறை கிலோமீற்றரா மைலா என்று பார்த்து எண்ணினார். இரண்டேகால் மைல், அதாவது மூன்றரைக் கிலோமீற்றரில் மணியை அடித்து இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தான். இருவரும் பாதையோரத்து மதிலில் உட்கார்ந்து தேசிக்காயை மோந்தார்கள், அடுத்த பஸ் வரும்வரை ஊர்க்கதை பேசினார்கள். கல்யாணமான புதிதிலும் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து பேசியதில்லை என்றாள் ஜீவராணி.

நுவரெலியா, ஹாவா எலிய என்று ஒவ்வொன்றாகக் கழிந்தது. ஹாவா எலியவில் இறங்கியபோது, "இங்கதான ஒங்க காரு நிக்கும்?" என்று அவள் கேட்க, அவர் பாதையோரத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "அந்தா அங்க" என்றார். இல்லாத காருக்கு இருவரும் வழிவிட்டு நின்றார்கள்.

கந்தப்பளையில் ஒரு பொலிஸ்காரர் அடையாள அட்டையையும் கையில் சேர்ந்திருந்த பஸ் டிக்கட்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கு ஒவ்வொரு பஸ்ஸாக இறங்கி ஏறுகிறாய் என்று சிங்களத்தில் அதட்டினார். யுத்த காலம், தமிழன் பஸ் மாறி மாறி ஏறினால் சந்தேகம் வராமல் இருக்குமா? யோகேஸ்வரன் மனைவியைக் காட்டி, இவளுக்கு இரண்டேகால் கட்டைதான் தாங்கும், அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அட்டையைத் திருப்பிக் கொடுத்து, வந்த பஸ்ஸைத் தானே கை காட்டி மறித்து, ஜன்னலோரச் சீட்டையும் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

ஏழாவது பஸ்ஸில் ஏறும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டேகால் முடிந்தது. யோகேஸ்வரன் பையை எடுத்துக்கொண்டு மணியடிக்க எழுந்தார். ஜீவராணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது, தேசிக்காய் மூக்கோடு ஒட்டியிருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை.

"வேணாங்க. ஒக்காருங்க."

"கணக்கு முடிஞ்சிருச்சு புள்ள."

"ஒக்காருங்கன்னு சொல்றேன்ல."

அவர் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது கட்டை போனது, வளைவு வந்தது, நாலாவதும் போனது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடாமல் ராகலைப் பக்கத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்குப் போகிற படிக்கட்டில் ஏறியபோது, நாகலெட்சுமி கம்பை ஊன்றிக்கொண்டு காம்பரா வாசலில் நின்றாள். தங்கையைக் கண்டதும் கம்பை விட்டுவிட்டாள். ஜீவராணி ஓடிப்போய் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், பிடிக்காவிட்டால் அக்கா விழுந்திருப்பாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஜீவராணியை ஒரு காலத்தில் தூக்கிச் சுமந்த இடுப்பு அது.

அழுது ஓய்ந்த பிறகு அக்கா படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவைத்தவளாயிற்றே. "எங்கடி காரு?"

"காரு வரலக்கா. பஸ்ஸுலதான் வந்தோம்."

"பஸ்ஸுலயா? நீயா?"

"எட்டு பஸ்ஸுங்க" என்றார் கீழ்ப்படியில் நின்ற யோகேஸ்வரன், தன் கணக்கை விட மனமில்லாமல்.

ஜீவராணி அக்காவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எட்டு அவரு கணக்குக்கா. நான் ஏழுலயே வந்துட்டேன்."